ஏஐ பெரியது, அதை ஓட்டும் நிரல் சின்னது

சாட்ஜிபிடி மாதிரி ஒரு மொழி மாடலை ஓட்டுகிற நிரல் எத்தனை வரி இருக்கும் என்று கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகளிடம் கேட்டால் லட்சம், பத்து லட்சம் என்றுதான் பதில் வரும். 2023 ஜூலையில் ஆந்த்ரே கார்பதி, சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் லாமா 2 வகை மாடலை ஓட்டுவதற்கு லாமா2.சி என்று ஒரு நிரலை எழுதி எல்லோருக்கும் திறந்து விட்டார். ஒரே கோப்பு, வெறும் சி என்ற நிரல் மொழி, வெளியிலிருந்து ஏஐக்கென்று எந்த நூலகமும், அதாவது பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பு எதுவும், இழுத்துவரவில்லை, சுமார் 700 வரி. சி ஓரளவு தெரிந்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து முடித்துவிடலாம்.

நான் கிருஷ்ணகிரியில் வீட்டிலிருந்தே பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு நிரல் எழுதுகிறவன். சின்னதாக, கையால், ஒரு குறிப்பிட்ட ஆளின் குறிப்பிட்ட வேலைக்கென்று எழுதுகிற நிரல்கள் மேல் எனக்கு ரொம்ப காலமாகப் பிரியம். ஏஐ மேலும் அதே அளவு மயக்கம். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்கிறார்கள், ஒன்று ஒரு மனுஷன் முழுசாகப் படித்துப் புரிந்துகொள்ளக் கூடியது, இன்னொன்று அதைச் செய்தவர்களுக்கே முழுசாகப் புரியாதது என்பது அவர்கள் வாதம். அந்த 700 வரியைப் படித்தால் இந்த வாதம் எங்கே சரி, எங்கே தப்பு என்று தெரிந்துவிடும்.

நிரல் சின்னது என்றால் பெரியது எது? எண்கள். 2020இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட ஜிபிடி-3 மாடலில் 17,500 கோடி எண்கள் இருந்தன. நிரல் செய்வதெல்லாம் நாம் கொடுக்கும் சொற்களை எண்களாக்கி, அந்தக் கோடிக்கணக்கான எண்களோடு பெருக்கிக் கூட்டி, அடுத்து எந்தச் சொல்துண்டு வர எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு பட்டியல் தருவதுதான். அந்தப் பட்டியலிலிருந்து ஒன்றை எடுக்கும், பழைய வரியோடு சேர்க்கும், மறுபடி பெருக்கும். அந்த எண்களைப் பழக்கி எடுப்பது வேறு கதை, அதற்கு ஆயிரக்கணக்கான சிப்களும் மலை மலையாக எழுத்தும் அவற்றைச் சுத்தம் செய்கிற பெரிய கூட்டமும் வேண்டும், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பழக்குவதன் அடிப்படைக் கணக்குகூட சின்னதுதான். தப்பு எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போய் ஒவ்வொரு எண்ணையும் கொஞ்சம் திருத்துகிற அந்த முறையை 1986இல் ரூமல்ஹார்ட், ஹிண்டன், வில்லியம்ஸ் மூன்று பேரும் நேச்சர் இதழில் எழுதிப் பரப்பினார்கள். அதே முறையைக் கார்பதி மைக்ரோகிராட் என்ற பெயரில் பைத்தான் என்ற நிரல் மொழியில் ஏறக்குறைய 100 வரியில் எழுதிக் காட்டியிருக்கிறார்.

பெரிய எண்கூட்டத்தைச் சின்ன கம்ப்யூட்டரில் அடக்கியதும் ஒரு கைவேலைக்காரர்தான். 2023 மார்ச்சில் பல்கேரியாவைச் சேர்ந்த ஜார்ஜி கெர்கனோவ் லாமா மாடலை ஒரு மேக்புக்கில் ஓட வைத்தார். கணக்கு எளிது. சின்ன லாமாவில் 700 கோடி எண்கள், ஒவ்வொன்றுக்கும் 2 பைட் என்றால் 14 ஜிபி, சாதாரண லேப்டாப் தாங்காது. ஒவ்வொரு எண்ணையும் தோராயமாக்கி அரை பைட்டில் வைத்தால் மூன்றரை நாலு ஜிபிக்குள் வந்துவிடும், துல்லியம் கொஞ்சம் குறையும், ஆனால் பதில் பெரிதாகக் கெடாது. இன்றைக்கு கரண்ட் இருந்தால் போதும், நெட் இல்லாமலே பென்னாகரத்தில் ஒரு வீட்டில் உட்கார்ந்து மொழி மாடலை ஓட்டலாம் என்றால் அதற்கு வழி போட்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

இதற்கெல்லாம் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், ஏஐ என்றால் என்ன என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். டொனால்ட் மிக்கி என்று ஒரு பிரிட்டிஷ்காரர், பிறந்தது நம் ஆட்கள் நிறையப் பேர் பிழைக்கப் போன ரங்கூனில். இரண்டாம் உலகப்போரில் பிளெட்ச்லி பார்க்கில் கம்ப்யூட்டர் துறையின் முன்னோடி ஆலன் டூரிங் இருந்த அதே இடத்தில் ஜெர்மானிய ரகசியச் செய்திகளை உடைக்கிற வேலை பார்த்தவர். 1960களின் தொடக்கத்தில், ஒரு இயந்திரம் தானாகக் கற்றுக்கொள்ள முடியும் என்று காட்ட விரும்பினார், அதற்கு அவர் கையில் கம்ப்யூட்டர் இல்லை. அதனால் 304 தீப்பெட்டிகளை எடுத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டு, ஒருவர் பெருக்கல் குறியும் இன்னொருவர் வட்டமும் போட்டு விளையாடுவோமே, அந்த ஆட்டம்தான். முதலில் ஆடுகிறவர் முன்னால் வரக்கூடிய கட்ட நிலைகளில், திருப்பிப் பார்த்தால் ஒன்றாகவே இருப்பவற்றையும், ஆட்டம் முடிந்துவிட்டவற்றையும், ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருப்பவற்றையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது 304. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு தீப்பெட்டி, மேலே அந்த நிலையின் படம், உள்ளே கலர் கலராக மணிகள். கட்டங்கள் ஒன்பது, அதற்கு ஒன்பது நிறம். தீப்பெட்டிகளின் முறை வரும்போது, இப்போதைய நிலைக்குரிய பெட்டியை எடுத்துக் குலுக்கி, முனையில் வந்து நிற்கும் மணியின் நிறம் எந்தக் கட்டமோ அங்கே குறி போட வேண்டும். ஆட்டம் ஜெயித்தால், அந்த ஆட்டத்தில் பயன்பட்ட ஒவ்வொரு பெட்டியிலும் அதே நிற மணி மூன்றைக் கூடுதலாகப் போடுவார். டிரா ஆனால் ஒன்று. தோற்றால் அந்த மணியை எடுத்துவிடுவார். அவ்வளவே விதி.

மிக்கி தானே எதிரே உட்கார்ந்து 220 ஆட்டம் ஆடினார். ஆரம்பத்தில் தோற்றுக்கொண்டே இருந்த பெட்டிகள் போகப் போக டிராவுக்கு வந்து, கடைசியில் அவரையே ஜெயிக்க ஆரம்பித்தன. நடுக்கட்டத்தைப் பிடி, மூலையை விடாதே என்று யாரும் எந்தப் பெட்டியிலும் எழுதி வைக்கவில்லை. தெரிந்ததெல்லாம் மணிகளின் எண்ணிக்கையாகவே இருந்தது. இதைப் பைத்தானில் நூறு வரிக்குள் எழுதிவிடலாம், ஆனால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு இதைக் காகிதத்திலும் மணியிலும் செய்தபோதுதான் அவர்களுக்குப் பளிச்சென்று பிடித்தது, திரையில் ஓடும்போது அதே விஷயம் வித்தை மாதிரித் தெரிகிறது, கையில் மணியைப் போட்டு எடுக்கும்போது கணக்காகத் தெரிகிறது.

304 தீப்பெட்டிக்கும் 17,500 கோடி எண்களுக்கும் நடுவில் அறுபது வருஷ ஆராய்ச்சி இருக்கிறது, இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். விளைவைப் பார்த்து எண்ணைக் கூட்டிக் குறைத்துப் பழக்குகிற எண்ணம் மட்டும் அப்படியே தொடர்கிறது. ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. தீப்பெட்டியைத் திறந்து பார்த்தால் ஏன் அந்த இடத்தில் குறி போட்டது என்று சொல்லிவிடலாம், பச்சை மணி ஏழு இருந்தது, சிவப்பு ஒன்றுதான் இருந்தது. ஜிபிடி மாதிரி மாடலைத் திறந்து ஒரு எண்ணை எடுத்துப் பார்த்தால் அது எதைக் குறிக்கிறது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் எதையும் தனியாக அது குறிப்பதில்லை, கோடிக்கணக்கானவை சேர்ந்துதான் ஏதோ ஒன்றைக் குறிக்கின்றன. அந்த 700 வரியில் மர்மம் இல்லை, மர்மம் முழுக்க அந்த எண்களுக்குள் இருக்கிறது. எனக்கு ஏஐ மேல் இருக்கும் மயக்கம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. நிரலை ஒளிவுமறைவில்லாமல் படித்து முடித்த பிறகும் ஆச்சரியம் குறையவில்லை என்றால் அது உண்மையான ஆச்சரியம்.

அடுத்த சொல்லை ஊகிப்பதும் புதிதல்ல. 1913இலேயே ரஷ்யக் கணித அறிஞர் மார்க்கோவ், புஷ்கினின் கவிதை ஒன்றிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிருக்குப் பின் மெய் வர எவ்வளவு வாய்ப்பு என்று கையால் எண்ணிப் பார்த்தார். நம் ஊர்ச் செய்தித்தாள் வாசிக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், சீசன் நேரத்தில் ‘கிருஷ்ணகிரி மாவட்ட மா விவசாயிகள்’ என்று தலைப்பு தொடங்கினால் அடுத்த சொல் ‘கவலை’ அல்லது ‘கோரிக்கை’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். முன்னால் வந்த ஒன்றிரண்டு சொற்களை மட்டும் பார்க்காமல் பல பக்கம் முன்னால் வந்ததையும் சேர்த்துப் பார்த்து ஊகிக்க வழி செய்ததுதான் 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் எட்டுப் பேர் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் அமைப்பு. லாமா2.சி நிரலின் நடுப்பகுதி அதுதான்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தமிழ் புரோகிராமர்களிலேயே பலர் இதைக் கவனிப்பதில்லை. மாடலுக்குள் போவது சொல் அல்ல, டோக்கன் என்கிற துண்டு. அடிக்கடி சேர்ந்து வரும் துண்டுகளை ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகிற ஒரு முறையில் இந்தத் துண்டுகளைத் தயாரிக்கிறார்கள், 1994இல் பிலிப் கேஜ் என்பவர் கோப்புகளைச் சுருக்குவதற்காக எழுதிய உத்தி அது. எதில் நிறைய எழுத்து கிடைத்ததோ அந்த மொழிக்கு நீளமான, வசதியான துண்டுகள் கிடைக்கும். தமிழ் மாதிரி குறைவாகக் கிடைத்த மொழி பொடிப்பொடியாகிவிடும்.

மாம்பழம் என்று எழுதினால் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. ஆங்கிலத்தில் மாங்கோ என்று எழுதினாலும் ஐந்து எழுத்துதான். ஆனால் எல்லா மொழி எழுத்துகளுக்கும் கம்ப்யூட்டரில் எண் கொடுக்கிற யூனிகோடில் மாம்பழத்துக்கு எட்டுக் குறிகள், ம தனி, கால் தனி, புள்ளி தனி. அந்தக் குறிகளைப் பைட்டுகளாக எழுதுகிற யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் மொத்தம் 24 பைட், ஆங்கிலத்துக்கு 5. பழைய மாடல்களில் டோக்கன் வெட்டு உயிர்மெய்க்கு நடுவில் விழும், சில சமயம் ஒரே குறியின் பைட்டுகளுக்கு நடுவில்கூட விழும். காசும் நேரமும் டோக்கன் கணக்கில் என்பதால் அதே விஷயத்தைத் தமிழில் கேட்டால் பல மடங்கு செலவு. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓப்பன்ஏஐ கொடுத்த உதாரணத்தில், ஒரே அறிமுக வாசகம் தமிழில் 116 டோக்கனிலிருந்து 35ஆகக் குறைந்தது, ஆங்கிலத்தில் 27இலிருந்து 24. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் அதற்கு முன்பு வரை தமிழ் பேசுகிறவர் அதே வாசகத்துக்கு நாலு மடங்குக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதும் அந்த எண்ணிலேயே இருக்கிறது. நிரலைக் கையால் எழுதிப் பார்க்காதவர்களுக்கு இது கண்ணில் படாது, பில்லில் மட்டும் படும்.

சரி, கைநிரல் பக்கம் வருகிறேன். காவேரிப்பட்டணத்துப் பக்கம் எங்கள் மாமா மாங்காய் மண்டி வைத்திருக்கிறார். பெங்களூரா ரகம் லாரி லாரியாக மாங்கூழ் ஆலைகளுக்குப் போகிற சீசனில் அங்கே நடப்பது இதுதான்: லோடு வண்டி எடை, காலி வண்டி எடை, கழித்தால் சரக்கு எடை, அதில் கழிவு எடுக்க வேண்டும், டன் விலை, அப்புறம் முன்பணம், பறிப்புக் கூலி, வண்டி வாடகை, கமிஷன். ஒவ்வொரு மண்டிக்கும் வழக்கம் வேறு. ஒரு இடத்தில் கழிவு நூற்றுக்கு இவ்வளவு, இன்னொரு இடத்தில் டன்னுக்கு இத்தனை கிலோ. கூலி யார் தலையில் என்பதும் மாறும். கடையில் வாங்குகிற பில்லிங் மென்பொருள் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை, அதனால் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஒரே கோப்பு, போனில் பிரவுசரில் திறந்தால் போதும், நெட் வேண்டாம், லாகின் வேண்டாம். ராத்திரி ஒரு தரம் அன்றைய கணக்கை இன்னொரு கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இதை ஏஐயிடமே பேசிக் கணக்குக் கேட்டுவிடலாமே என்று என் தம்பி கேட்டான். அதற்கு மாமாதான் பதில் சொன்னார்: “மாப்ள, கணக்குன்னா இன்னைக்கு கேட்டாலும் அதேதான், நாளைக்கு கேட்டாலும் அதேதான் வரணும். விவசாயி முன்னாடி நின்னுக்கிட்டு இருப்பான்.” அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. மொழி மாடல் வாய்ப்புகளின் பட்டியலிலிருந்து ஒன்றை எடுக்கிறது, எடுப்பதில் கொஞ்சம் குலுக்கலும் உண்டு, எண்களையும் துண்டு துண்டாக வெட்டித்தான் படிக்கிறது. 14,380 கிலோவில் 5,920 போனால் 8,460 என்று அது பெரும்பாலும் சரியாகவே சொல்லும். மண்டியில் ‘பெரும்பாலும்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. கழித்தல் விதி நமக்குத் தெரியும், தெரிந்த விதியை ஒரு வரியில் எழுதிவிடலாம், எழுதியதை யார் வேண்டுமானாலும் படித்துச் சரிபார்க்கலாம். அந்த இடத்தில் கோடிக்கணக்கான எண்களைப் பெருக்குவது வீண்.

சின்னது என்றால் அரைகுறை என்று நினைக்கிறவர்களுக்கு எஸ்கியூலைட் போதும். 2000இல் ரிச்சர்ட் ஹிப் என்பவர் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றின் மென்பொருள் வேலையில் இருந்தபோது, தனியாக சர்வர் எதுவும் வேண்டாத ஒரு தரவுதளம் வேண்டும் என்று எழுதத் தொடங்கியது. இன்றும் அவரும் ஒரு சில பேரும்தான் பார்த்துக்கொள்கிறார்கள், யாருக்கும் உரிமை கிடையாது, பொதுச் சொத்து. உங்கள் போனில் இந்த நிமிஷம் அது ஓடுகிறது, வாட்ஸ்அப் செய்திகள்கூட அதில்தான் அடுக்கப்படுகின்றன. நிரலைவிடச் சோதனை நிரல் நூற்றுக்கணக்கான மடங்கு பெரியது. இன்னொரு பக்கம், 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரித் துண்டு ஒன்றை அதை எழுதியவர் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட, அதை நம்பியிருந்த ஏராளமான நிரல்களைக் கட்டமைக்க முடியாமல் உலகம் முழுக்கப் புரோகிராமர்கள் திணறினார்கள். பதினொரு வரியைத் தானே எழுதிக்கொள்ளாமல் இழுத்துப் போட்டதன் விளைவு.

ஏஐயை வைத்து நிரல் எழுதும்போது இந்த ஆபத்து கூடுகிறது. 2025 பிப்ரவரியில் அதே கார்பதி, நிரலையே பார்க்காமல் சொல்லிச் சொல்லி எழுத வைப்பதற்கு ‘வைப் கோடிங்’ என்று பெயர் வைத்தார், பெயர் தீயாகப் பரவியது. வார இறுதியில் விளையாட்டாகச் செய்து பார்க்க நல்ல வழிதான். ஆனால் சும்மா கேட்டால் அது ஐந்து நூலகத்தை இழுத்து, பத்துக் கோப்பாகப் பிரித்துக் கொடுக்கும். நான் கேட்கும் விதம் வேறு. ஒரே கோப்பு, வெளி நூலகம் கூடாது, ஒவ்வொரு விதியும் தனித் தனி வரியில், தசம எண்ணை முழு எண்ணாக்குவது ஒரே இடத்தில். வந்ததில் எனக்கு விளக்கத் தெரியாத வரி இருந்தால் அது உள்ளே இருக்காது. இப்படிக் கேட்டால் ஏஐ மிக நல்ல உதவியாள், மாமாவின் மண்டி மாதிரி ஒரே ஒரு ஆளுக்காக நிரல் எழுத முன்பு யாருக்கும் நேரம் இருக்காது, இப்போது இருக்கிறது. இது பெரிய விஷயம், பாலக்கோட்டில் தக்காளி ஏற்றுகிறவருக்கும் தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு லாட் கொண்டுபோகிறவருக்கும் அவரவர் வழக்கத்துக்கே ஒரு நிரல் கிடைக்கலாம்.

மாடல் நிஜமாகவே தேவைப்படுகிற இடமும் மண்டியிலேயே இருக்கிறது. கையால் எழுதின எடைச்சீட்டு. ஒருவர் எழுதும் 1 இன்னொருவர் எழுதும் 7 மாதிரி இருக்கும், எண்ணெய்க் கறை இருக்கும், மடிப்பு இருக்கும். இதைப் படிக்க விதி எழுதச் சொன்னால் எவராலும் முடியாது. பேச்சும் அப்படித்தான், வேப்பனஹள்ளிப் பக்கம் தெலுங்கும் தளிப் பக்கம் கன்னடமும் தமிழோடு கலந்து வரும், அதற்கு இலக்கணம் எழுதி நிரலாக்க முடியாது. விதி எழுத முடியாத இடத்தில் பழகிய எண்கள் வேண்டும், எழுத முடிகிற இடத்தில் நிரல் வேண்டும், நான் வேலையைப் பிரிப்பது இந்தக் கோட்டை வைத்துத்தான்.

சீட்டைப் போட்டோ எடுத்தால் மாடல் படித்துக் கொடுக்கும், உடனே சின்ன நிரல் கழித்துப் பார்க்கும். சீட்டில் மூன்று எடையும் எழுதியிருப்பதால் 14,380ஐ 14,880 என்று மாடல் படித்துவிட்டால் கழித்தல் 8,960 என்று வரும், சீட்டில் 8,460 இருக்கும், ஒத்துவராது, திரையில் அந்த வரி சிவப்பாகி மாமாவைக் கேட்கும். இதில் ஒரு நுணுக்கம், முழுச் சீட்டையும் ஒரே படமாகக் கொடுத்தால் மாடல் கெட்டிக்காரத்தனமாகத் தானே கழித்துப் பார்த்து மூன்றையும் ஒத்துப்போக வைத்துவிடக் கூடும், தெரியாததைத் தெரிந்த மாதிரி நிரப்புவது அதன் இயல்பு. அதனால் மூன்று கட்டங்களையும் வெட்டி மூன்று தனிப் படமாக, தனித்தனியாகக் கேட்க வேண்டும். தேதிக்கு இப்படிக் குறுக்குச் சோதனை கிடையாது, அதை மனுஷன்தான் பார்க்க வேண்டும்.

இப்போது நான் உட்கார்ந்திருப்பது இன்னொரு வேலையில். 2023இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் இரண்டு பேர், மூன்று நாலு வயதுப் பிள்ளைகளுக்குப் புரிகிற சொற்களில் மட்டுமே அமைந்த குட்டிக் கதைகளைக் கொடுத்துப் பழக்கினால், ஒரு கோடி எண்கள்கூட இல்லாத மாடலும் தெளிவான ஆங்கிலம் எழுதுகிறது என்று காட்டினார்கள். லாமா2.சி நிரலோடு வருகிற சின்ன மாடலும், 1.5 கோடி எண்கள் கொண்டது, அந்தக் கதைகளில் பழகியதுதான். தமிழில் அந்த அளவுக்கு ஒன்று செய்ய வேண்டும், உயிர்மெய்யை நடுவில் வெட்டாத டோக்கன் பிரிப்பியோடு. பிரிப்பி எழுதியாகிவிட்டது, அது சின்ன நிரல். கதைகள்தான் வேண்டும், ஏஐயிடம் எழுதி வாங்கினால் மொழிபெயர்த்த வாடை அடிக்கிறது, அதனால் பாட்டிகள் சொல்வதைப் பதிவு செய்து எழுத்தாக்க ஆரம்பித்திருக்கிறேன். அரூர், ஊத்தங்கரைப் பக்கம் இதற்குக் கைகொடுக்கிற ஆசிரியர்கள் இருந்தால் சேர்ந்துகொள்ளலாம், கதை சொல்கிறவரின் அனுமதியோடு போனில் பதிவு செய்தால் போதும், மீதி வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.